தேய்ப்பதும் எடுப்பதும்: கம்பளத் துப்புரவுக்கான சுழல் எந்திரங்களும் அவற்றின் சீரமைப்பும்

தோற்றுவாய்

தமிழ்த்துறையினர் வெளியிடும் மலரில் கம்பளம் துப்புரவு செய்யும் எந்திரத்திற்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். 'அறிவியல் தமிழ்' வளரவேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். விண்கலங்களைப் பற்றியும் அணுவைப் பற்றியும் தமிழில் எழுதி மகிழ்கிறோம். ஆனால் நம் கண்முன்னே ஒரு தொழிலாளி தள்ளிச்செல்லும் எந்திரம் எவ்வாறு இயங்குகிறது, அதில் என்ன குறை, அக்குறையை எவ்வாறு நீக்கலாம் என்பனவற்றைத் தமிழில் எழுதுவோர் மிகச் சிலரே. அன்றாடக் கருவிகளை விளக்கும் திறம் பெறாத மொழி, அறிவியல் மொழி எனப் பெயர் பெறுவது எங்ஙனம்?

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தொழுவோருக்கு உடல், உடை, இடம் ஆகிய மூன்றும் தூய்மையாய் இருத்தல் வேண்டும் என்பது நம் மார்க்கம் வகுத்த நெறி. முன்னாளில் நம் பள்ளிவாசல்களில் பாய்கள் விரிக்கப்பெற்றன. பத்தமடையில் நம் சமுதாயத்தைச் சார்ந்த லெப்பைக் குடும்பத்தார் நெய்த கோரைப்பாய்கள் நாடறிந்தவை. பாயை உதறலாம், வெயிலில் உலர்த்தலாம், சுருட்டி வைக்கலாம். இன்றோ பல பள்ளிவாசல்களில் சுவருக்குச் சுவர் கம்பளம் விரிக்கப்பட்டுள்ளது. இதனை உதறவும் இயலாது; வெயிலில் இடவும் இயலாது. எனவேதான் எந்திரத்தின் துணை தேவையாகிறது. ஜமாஅத்தின் பணத்தில் எந்திரம் வாங்குவோரும், வாடகைக்கு அமர்த்துவோரும், அதனை இயக்குவோரும் அதன் இயல்பை அறிந்திருத்தல் நலம்.

இக்கட்டுரையின் மையக்கருத்து ஒன்றே. அழுக்கைத் தேய்ப்பது வேறு. அழுக்கை எடுப்பது வேறு. சுழல் எந்திரங்களின் வரலாறும், அவற்றில் செய்யத்தக்க திருத்தங்களும் இவ்வேறுபாட்டைச் சுற்றியே அமைந்துள்ளன.

கம்பளத்தின் இயல்பு

கம்பளத்தை ஒரு சிறு புல்வெளிக்கு ஒப்பிடலாம். அடியில் ஒரு தாங்குதுணி. அதன்மேல் நெருங்கி நிற்கும் நூற்கற்றைகள். நுனி வெட்டப்பட்டு நிற்பது ஒருவகை. நுனி வளைந்து கண்ணிபோல் மடங்கியிருப்பது மற்றொரு வகை. நடப்போர் காலடியில் வரும் மணல் நூல்களின் இடுக்கு வழியே அடித்தளத்திற்கு இறங்கிவிடும். மேலே நூல் பளிச்சென்று இருக்க, அடியில் மணல் தங்கியிருக்கும். மிதிக்கும்போதெல்லாம் அம்மணல் அரம்போல் நூலின் அடியை அறுக்கும். கம்பளம் தேய்வதற்கு இதுவே தலையாய காரணம்.

நூலின் வகையும் கருதத்தக்கது. கம்பளி நூல் நீரைத் தன்னுள்ளே ஈர்க்கும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் தொடுவோர்க்கு நனைந்ததாய்த் தோன்றாது. கடுங்காரமும் மிகுவெப்பமும் அதற்கு ஆகா. பாலிபுரோப்பிலீன் என்னும் செயற்கை நூலோ நீரை ஈர்ப்பதில்லை. ஆனால் எண்ணெயைப் பற்றிக்கொள்ளும். சஜ்தாவில் நெற்றி படும் இடங்களில் தலையெண்ணெய்க் கறை வரிசையாய்த் தென்படுவதற்கு இவ்வியல்பே காரணமாகும். இவ்வகைக் கம்பளத்தில் ஊற்றிய நீர் நூலுக்குள் புகாமல், நூல்களுக்கு இடையிலும் தாங்குதுணியிலும் தேங்கும். தாங்குதுணியில் சணல் இருப்பின், நீண்டநேரம் ஈரமாய்க் கிடக்கும்போது சணலின் பழுப்புச் சாயம் நூலின் நுனிவரை ஏறிவிடும்.

ஊதுவதும் உறிஞ்சுவதும்

கம்பளத் துப்புரவுக் கருவிகளுள் முதலில் பெயர்பெற்றது, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த மெல்வில் பிசெல் 1876-இல் காப்புரிமை பெற்ற தள்ளுபெருக்கி ஆகும். சக்கரம் உருளும்போது ஓர் உருளைத் தூரிகையும் உருண்டு, மேலே கிடக்கும் தூசியைப் பெட்டிக்குள் தள்ளும்.

அடுத்த திருப்பம் இலண்டனில் நேர்ந்தது. 1901-இல் பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத் என்பார் ஓர் எந்திரத்தின் செயல்விளக்கத்தைக் கண்டார். அது காற்றை வேகமாய் ஊதித் தூசியைக் கிளப்பியது. கிளம்பிய தூசியில் பெரும்பகுதி மீண்டும் பழைய இடத்திலேயே படிந்தது. ஊதுவதற்கு மாறாக உறிஞ்சினால் என்ன என்று பூத் சிந்தித்தார். அவ்வாண்டே அவர் உருவாக்கிய உறிஞ்சு எந்திரம் ஒரு குதிரைவண்டி அளவுடையது. அதனைத் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சன்னல் வழியே வீட்டிற்குள் செலுத்தினர். ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவிற்காக 1902-இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் விரித்த கம்பளங்களை அவ்வெந்திரமே துப்புரவு செய்தது.

இங்கே ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஊதும் எந்திரமும் கடுமையாகவே உழைத்தது. ஆனால் அழுக்கை இடம்பெயர்த்ததே ஒழிய வெளியேற்றவில்லை. இதே குறை வேறு வடிவில் சுழல் எந்திரத்திலும் தலைகாட்டியது.

ஒற்றைத்தட்டு எந்திரம்

துப்புரவுத் தொழிலாளர் 'சிங்கிள் டிஸ்க் மெஷின்' என்றழைக்கும் எந்திரத்தை நாம் ஒற்றைத்தட்டு எந்திரம் எனலாம். மருத்துவமனைகளிலும் திருமண மண்டபங்களிலும் தரை தேய்க்க இதனைப் பயன்படுத்துவதைப் பலரும் கண்டிருப்பர். செங்குத்தாக நிற்கும் மின்மோட்டார், அதன் வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரங்கள், அடியில் வட்டத்தட்டு, தட்டில் பொருத்திய தூரிகை, பின்னால் நீண்ட கைப்பிடி. அமெரிக்காவில் 17 அல்லது 20 அங்குல விட்டமும், நிமிடத்திற்கு 175 சுற்று வேகமும் கொண்டவை பெருவழக்கு. மோட்டாரின் திறன் 1 முதல் 1½ குதிரைத்திறன் வரை இருக்கும். கைப்பிடியில் ஒரு தொட்டியை மாட்டி, சோப்புநீரைத் தூரிகையின் வழியே இறக்கினால் அதுவே கம்பளம் அலசும் எந்திரமாகும்.

இவ்வெந்திரத்தில் முன்னே செலுத்தும் சக்கரம் இல்லை. ஆயினும் அது பக்கவாட்டில் நகர்கிறது. கைப்பிடியைச் சற்றே உயர்த்தினால் வலப்புறமும், தாழ்த்தினால் இடப்புறமும் செல்லும். புதிதாய்ப் பிடிப்போர் எந்திரம் தம்மை இழுத்துச் செல்வதாக அஞ்சுவர். இதன் காரணம் எளிது. மேலிருந்து நோக்கின் தட்டு இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. கைப்பிடியை உயர்த்தும்போது எந்திரம் முன்பக்கம் சாய்ந்து, தூரிகையின் முன்விளிம்பு தரையை அழுத்துகிறது. அவ்விளிம்பு வலமிருந்து இடமாகத் தரையைத் தேய்க்க, தரையின் எதிர்ப்பு எந்திரத்தை வலப்புறம் தள்ளுகிறது. தாழ்த்தும்போது பின்விளிம்பு அழுந்துவதால் திசை மாறுகிறது. இந்த நுட்பம் கைவந்தவர் எந்திரத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. இரு விரல்களின் அசைவிலேயே அதனை நடத்துவர்.

தேய்ப்பின் வேகத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 17 அங்குலத் தட்டின் சுற்றளவு ஏறத்தாழ 1.36 மீட்டர். நிமிடத்திற்கு 175 சுற்று எனில், விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நடுப்புள்ளியிலோ வேகம் சுழியே. எனவே ஒரு முறை எந்திரம் கடந்துசென்ற தடம் முழுதும் ஒரேசீராகத் தேய்க்கப்படுவதில்லை. ஒவ்வொரு தடமும் முந்தைய தடத்தின் பாதியை மூடுமாறு செலுத்தவேண்டும் என்று தேர்ந்த தொழிலாளர் கூறுவது இக்கணக்கின் வழிப்பட்டதே.

எங்கே குறை?

ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் துப்புரவுக்குரிய காரணிகளை நான்காக வகுத்தார். வேதிப்பொருள், வெப்பம், தேய்ப்பு, காலம் என்பன அவை. இவற்றை ஒரு வட்டத்தின் நான்கு கூறுகளாகக் கொண்டால், ஒன்றைக் குறைக்கும்போது பிறிதொன்றைக் கூட்டியே ஈடுசெய்ய வேண்டும். ஒற்றைத்தட்டு எந்திரம் தேய்ப்பு என்னும் கூற்றைப் பெருக்கியது. அதனால் வேதிப்பொருளையும் காலத்தையும் குறைக்க வழி பிறந்தது. இஃது அதன் சிறப்பு.

ஆனால் அந்நான்கும் அழுக்கை நூலிலிருந்து பிரிப்பதற்கே துணைசெய்வன. பிரிந்த அழுக்கு எங்கே செல்கிறது என்பது ஐந்தாவது வினா. கல்தரையில் தேய்த்தால் அழுக்குநீரைத் துடைத்தெடுத்து விடலாம். கம்பளத்தில் தேய்த்தாலோ, பிரிந்த அழுக்கு சோப்புநீருடன் கலந்து நூல்களின் அடிக்கு இறங்குகிறது. மேற்பரப்பு அன்று பளிச்சிடும். நீர் உலர்ந்தபின் எஞ்சிய சோப்பு, பிசுக்காய் நூலில் படிந்து புதிய தூசியை ஈர்க்கும். சில கிழமைகளில் கம்பளம் முன்னிலும் கறுத்துத் தோன்றும். 'கழுவிய பிறகுதான் சீக்கிரம் அழுக்காகிறது' என்று பலர் குறைபட்டுக்கொள்வது பொய்யன்று. அதற்குக் காரணம் கழுவியது அன்று. கழுவிய நீரை எடுக்காமல் விட்டதே.

மார்க்கச் சட்டநூல்கள் தூயநீரையும் பயன்படுத்தப்பட்ட நீரையும் வேறுபடுத்திப் பேசுவதை நம் மாணவர் மதரசாவிலேயே கற்றிருப்பர். சட்டத்தின் நுணுக்கங்கள் ஆலிம் பெருமக்களுக்கு உரியன. எனினும், அழுக்கை ஏந்திய நீர் அவ்விடத்தை விட்டு அகலவேண்டும் என்னும் உணர்வு நமக்குப் புதியதன்று.

மற்றொரு குறையும் உண்டு. முனை வெட்டப்பட்ட நூல்களைக் கடினத் தூரிகை ஒரே திசையில் சுழற்றித் தேய்த்தால் நூலின் முறுக்கு அவிழும். பரப்பில் வட்டவட்டமாய்ச் சுவடு தெரியும். ஆதலின் கம்பளத்திற்கு மென்தூரிகையே ஏற்றது. கல்தரைக்கு வாங்கிய தூரிகையை அப்படியே கம்பளத்தில் இடுதல் கூடாது.

சுழன்று உறிஞ்சும் எந்திரம்

1970-களில் அமெரிக்காவில் வெந்நீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சும் முறை பரவியது. வண்டியில் பொருத்திய எந்திரம் நீரைச் சூடாக்கி அழுத்தத்துடன் அனுப்பும். தொழிலாளி ஒரு கைக்கோலின் முனையால் நீரைப் பீய்ச்சிக்கொண்டே, அருகிலுள்ள பிளவின் வழியே அழுக்குநீரை உறிஞ்சுவார். அழுக்கு வெளியேறியது, ஆனால் தேய்ப்பு குறைந்தது. நாள் முழுவதும் கைக்கோலை முன்னும் பின்னும் இழுத்ததால் தோளும் முதுகும் நொந்தன.

இவ்விரு முறைகளின் நன்மைகளையும் ஒன்றிணைக்கும் முயற்சியில் பிறந்ததே சுழன்று உறிஞ்சும் எந்திரம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தோன்றிய ஹைட்ராமாஸ்டர் நிறுவனத்தின் ஆர்.எக்ஸ்-20, ரோட்டோவேக் ஆகியன இவ்வகையில் பெயர்பெற்றவை. இவற்றின் சுழலும் தலையில் நீரைப் பீய்ச்சும் நாசில்களும், அவற்றை அடுத்து உறிஞ்சு பிளவுகளும் அமைந்துள்ளன. மூன்று பிளவுகள் கொண்ட ஒரு தலை நிமிடத்திற்கு 150 சுற்று சுற்றுவதாகக் கொண்டால், ஒரு நிமிடத்தில் 450 முறை பிளவுகள் கடந்து செல்லும். கைக்கோலால் அத்தனை முறை இழுப்பது மனித உடலுக்கு இயலாது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். இங்கே அவ்வடிகள் எல்லாத் திசைகளிலிருந்தும் நூலின் மேல் விழுகின்றன.

செய்யத்தக்க திருத்தங்கள்

தொழிற்சாலையிலிருந்து வந்த எந்திரம் முற்றுப்பெற்ற ஒன்றன்று. அதனை நாள்தோறும் கையாள்வோர் தம் பட்டறிவால் பல திருத்தங்களைச் செய்துள்ளனர். அவற்றுள் நம் மாணவர் அறியவேண்டியவை நான்கு.

முதலாவது, வழுக்குப்பட்டை. தொழிலாளர் இதனைக் 'கிளைடு' என்பர். உறிஞ்சு பிளவின் உலோக விளிம்பு ஈரக்கம்பளத்தில் இறுகப் பற்றிக்கொள்ளும். இதனால் சுழலும் தலைக்குச் சுமை கூடுகிறது. 1938-இல் ராய் பிளங்கெட் கண்டறிந்த டெஃப்லான் போன்ற வழுவழுப்பான பொருளால் ஒரு பட்டை செய்து, அதில் துளைகள் இட்டு, பிளவின் வாயில் பொருத்துவர். பட்டை எளிதில் வழுக்கிச் செல்லும். துளைகளின் மொத்தப் பரப்பு பழைய பிளவைவிடச் சிறிதாதலால் அங்கே காற்றின் வேகம் கூடும். நீர் விரைந்து ஏறும். சிறு பொருள், பயனோ பெரிது. ஆனால் துளைகளை மிகச் சிறிதாக்கினால் நூல்துகளும் முடியும் அடைத்துக்கொள்ளும் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, நாசில். அமெரிக்க வழக்கில் நாசிலின்மேல் பொறித்துள்ள எண்ணிலேயே அதன் இயல்பு அடங்கியுள்ளது. 110015 என்றிருந்தால், நீர் 110 பாகைக் கோணத்தில் விசிறிபோல் விரியும் என்பதும், சதுர அங்குலத்திற்கு 40 பவுண்டு அழுத்தத்தில் நிமிடத்திற்கு 0.15 அமெரிக்கக் காலன், அதாவது ஏறத்தாழ 0.57 லிட்டர் நீர் செல்லும் என்பதும் பொருள். அழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் நீரின் அளவு நான்கு மடங்காவதில்லை, இருமடங்கே ஆகும். ஒன்பது மடங்காக்கினால் மும்மடங்காகும். நீரின் அளவு அழுத்தத்தின் இருபடி மூலத்தைப் பொறுத்தது என்பதே விதி. எனவே கம்பளம் மிகுதியாய் நனைகிறது எனில், அழுத்தத்தைக் குறைப்பதைவிடச் சிறிய நாசிலை மாட்டுவதே தக்க வழி. நீரின் தாக்கும் வேகம் குன்றாமல் அளவு மட்டும் குறையும். நம் ஆழ்துளைக் கிணறுகளின் உப்புநீர் நாசிலின் வாயில் வெண்படிவமாய் உறையும். அதனை ஊசியால் குத்தினால் துளையின் வடிவு கெடும். வினிகரில் ஊறவைத்துக் கழுவுதல் நன்று.

மூன்றாவது, உறிஞ்சு குழாய். 1½ அங்குல விட்டமுடைய குழாயை 2 அங்குலமாக மாற்றினால், விட்டம் கூடுவது மூன்றில் ஒரு பங்கே. குழாயின் உட்பரப்போ 78 விழுக்காடு கூடுகிறது. குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவு காற்றுத்தடையும் மிகும், வளைவுகளும் அவ்வாறே. தேவைக்கு மேல் நீண்ட குழாயைச் சுருட்டிப் போட்டு வேலை செய்வோர் தம் எந்திரத்தின் வலிமையைத் தாமே வீணாக்குகின்றனர்.

நான்காவது, உறிஞ்சு மோட்டார்கள். சிறு எந்திரங்களில் இரண்டு மோட்டார்களை இணைப்பது வழக்கம். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராய் இணைத்தால் இழுவை கூடும். பக்கத்தில் பக்கமாய் இணைத்தால் காற்றின் அளவு கூடும். நீண்ட குழாயும் அடர்ந்த கம்பளமும் எனில் இழுவை வேண்டும். குறுகிய குழாயும் திறந்த பரப்பும் எனில் காற்றின் அளவு வேண்டும். இரண்டையும் ஒருங்கே பெறவேண்டின் மோட்டாரின் திறனையே கூட்டவேண்டும். இவ்வடிப்படை அறியாமல் இணைப்பை மாற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வழிதேடுவதாகும்.

இவற்றோடு, அழுத்தநீர் நிலையான குழாயிலிருந்து சுழலும் தலைக்குள் புகுமிடத்திலுள்ள சீல் பற்றியும் ஒரு சொல். வெப்பமும் சுழற்சியும் உப்பும் அதனைத் தேய்க்கும். அங்கே துளித்துளியாய்க் கசியும் நீர் மோட்டாருக்கும் மனிதருக்கும் கேடு. திருத்தம் செய்ய முனைவோர் முதலில் சீலைப் பார்த்தல் வேண்டும்.

செய்யத்தகாதவை

திருத்தம் என்னும் பெயரில் தீங்கு விளைவிப்பனவும் உள. நன்றாய்த் தேய்க்கவேண்டும் என்னும் ஆர்வத்தில் ஒற்றைத்தட்டு எந்திரத்தின்மேல் எடைக்கட்டிகளை ஏற்றுவோர் உளர். மோட்டார் வெல்லவேண்டிய எதிர்ப்பு எடையின் நேர்விகிதத்தில் உயரும். எடையைக் கால்பங்கு கூட்டினால் சுமையும் கால்பங்கு கூடும். 17 அங்குலத் தட்டை நீக்கி 20 அங்குலத் தட்டை மாட்டினால், எடை மாறாவிடினும் சுமை ஏறத்தாழ 18 விழுக்காடு கூடும். இரண்டையும் ஒருசேரச் செய்தால் சுமை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகி மோட்டார் சூடேறிக் கெடும்.

அடுத்தது மின்சாரம். அயல்நாட்டிலிருந்து எந்திரம் கொண்டுவருவோர் இதனைக் கூர்ந்து நோக்குக. அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும்; ஹெர்ட்ஸை மாற்றாது. ஒற்றைத்தட்டு எந்திரத்திலுள்ள தூண்டல் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. எனவே அங்கே 175 சுற்று சுற்றிய தட்டு இங்கே ஏறத்தாழ 146 சுற்றே சுற்றும். அஃதன்றியும், 60 ஹெர்ட்ஸுக்கு 120 வோல்ட் எனில் 50 ஹெர்ட்ஸுக்கு 100 வோல்ட்டே பொருந்தும். முழு 120 வோல்ட்டும் தந்தால் மோட்டாரின் இரும்பகம் மிகையாகக் காந்தமேறிச் சூடாகும். சவூதி அரேபியாவிலும் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஐக்கிய அமீரகத்தில் 50 ஹெர்ட்ஸ். வளைகுடாவில் வாங்கியது என்ற ஒரே காரணத்தால் எந்திரம் இங்கே பொருந்தும் என எண்ணிவிடலாகாது.

மூன்றாவது, எர்த் கம்பி. மூன்று முனைச் செருகியில் ஒரு முனையை ஒடித்துவிட்டு இரு துளைப் பலகையில் செருகுவது நம் ஊர்களில் காணும் கொடிய பழக்கம். ஈரக்கம்பளத்தின்மேல் வெறுங்காலுடன் நிற்பவர் கையில் உலோகக் கைப்பிடி இருக்கிறது. மின்கசிவு நேரின் அவர் உடலே எர்த் கம்பியாகும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி பொருத்தாத இடத்தில் ஈர வேலைக்கு எந்திரத்தை இயக்குதல் ஒருபோதும் கூடாது. எந்திரத்தைச் சீர்செய்யும் எவரும் முதலில் காக்கவேண்டியது அதனை இயக்குபவரின் உயிரையே.

எஞ்சிய நீரின் கணக்கு

உறிஞ்சும் திறனுக்கு ஏன் இத்துணை முதன்மை தருகிறோம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 200 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு தொழுகைக் கூடம். துப்புரவுக்குப் பின் சதுர மீட்டருக்குக் கால் லிட்டர் நீர் எஞ்சுவதாகக் கொள்வோம். மொத்தம் 50 லிட்டர். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் இது மூன்றில் இரண்டு யூனிட். ஆக, 50 லிட்டருக்கு 33 யூனிட்டுக்கு நிகரான வெப்பத்தை அக்கூடத்தின் காற்று தரவேண்டியுள்ளது; ஆவியாகும் நீரையும் அக்காற்றே சுமக்கவேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலக் காற்று ஏற்கெனவே ஈரம் நிறைந்தது. அது மேலும் எவ்வளவு சுமக்கும்?

ஈரம் 24 முதல் 48 மணி நேரம் தங்கினால் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கும். ஐவேளையும் மக்கள் நெற்றி வைக்கும் இடம் அது. ஆஸ்துமா உள்ள முதியவரும் சிறுவரும் அவ்விடத்தில் முகத்தைத் தாழ்த்தியே மூச்சு விடுகின்றனர். பூஞ்சணம் அவர்களுக்குத் தீங்காகும். ரமலானை முன்னிட்டுக் கம்பளம் அலசுவது நம்மிடையே நல்வழக்கம். ஆனால் ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வருகிறது. கோடையில் செய்து பழகிய முறையை மழைக்காலத்தில் அப்படியே செய்தல் தகாது.

ஆதலின் நாம் கூறும் நடைமுறை இது. முதலில் உலர்ந்த நிலையில் வேக்குவம் கிளீனரால் மணலையும் தூசியையும் உறிஞ்சுக. கம்பள அழுக்கில் பெரும்பகுதி இவ்வுலர்ந்த அழுக்கே. நீர் பட்டபின் அது சேறாகிவிடும். அடுத்து, எண்ணெய்க்கறை படிந்த வரிசைகளில் மட்டும் சோப்புநீரைத் தெளித்துச் சிலநிமிடம் ஊறவிடுக. சோப்பு அளவாய் இருக்கட்டும். பிறகு சுழன்று உறிஞ்சும் எந்திரத்தால் வெறும் நீரில் அலசுக. இறுதியாக, நீரை நிறுத்திவிட்டு அதே தடத்தில் உறிஞ்சுதலை மட்டும் இருமுறை செய்க. இந்த 'உலர்தடம்' நேரத்தை வீணாக்குவதுபோல் தோன்றும். ஆனால் இங்கே செலவிடும் ஒரு மணி, உலர்த்தும் பல மணிகளை மிச்சமாக்கும். இஷா தொழுகைக்குப் பின் தொடங்கி, மின்விசிறிகளை இயக்கி, சன்னல்களைத் திறந்துவைத்தால் மறுநாள் லுஹருக்குள் கூடம் உலர வாய்ப்புண்டு. பெரிய கூடமாயின் பாதிப்பாதியாகச் செய்யலாம்.

ஒற்றைத்தட்டு எந்திரம் மட்டுமே உள்ள இடத்தில் அதனை ஒதுக்கவேண்டியதில்லை. சோப்பைக் குறைத்து, மென்தூரிகையால் தேய்த்து, ஈரத்தையும் உறிஞ்சவல்ல ஒரு வேக்குவம் கிளீனரைப் பின்னாலேயே ஒருவர் இழுத்துவந்தால், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஒரே எந்திரமாய்ப் பணிசெய்யும். பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்க முதல் திருத்தம் இதுவே.

நிறைவுரை

மேற்கூறிய திருத்தங்களை மீண்டும் நோக்குக. வழுக்குப்பட்டை, நாசில், குழாய், மோட்டார் இணைப்பு ஆகிய நான்கில் ஒன்றேனும் தேய்ப்பைக் கூட்டுவதாக இல்லை. நீரை அளவோடு விடுவதும், விட்ட நீரை விரைவாய் மீட்பதுமே அவற்றின் நோக்கம். தேய்ப்பைக் கூட்ட முனைந்த திருத்தமோ, எடைக்கட்டியைப்போல், பெரும்பாலும் கேட்டில் முடிந்தது.

மாணவ நண்பர்கள் மற்றொன்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். நாசிலின் எண்ணைப் படித்தறியவும், 60 ஹெர்ட்ஸ் எந்திரத்தை 50 ஹெர்ட்ஸில் மாட்டாமல் தடுக்கவும் பொறியியல் பட்டம் தேவையில்லை; தெளிவான தமிழில் எழுதிய நான்கு பக்கக் கையேடு போதும். எந்திரத்துடன் வரும் குறிப்புநூல் அயல்மொழியில் இருக்க, அதனைத் தள்ளுபவர் தமிழ் மட்டுமே அறிந்தவராய் இருக்கிறார். அவருடைய உயிருக்கும் உழைப்புக்கும் காப்பாகும் செய்தி அவருக்கு எட்டாத மொழியில் உறங்குகிறது. தமிழ் பயிலும் நம் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் புழங்கும் ஒரு கருவியைத் தேர்ந்து, அதனைக் கையாள்பவரிடமே கேட்டறிந்து, அவர் வாயில் வழங்கும் சொற்களைக்கொண்டே ஒரு கையேடு எழுதுவாராயின், அது தமிழுக்கும் தொழிலுக்கும் ஒருங்கே செய்த தொண்டாகும். அம்முயற்சிக்கு வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!